முதலில் தூய்மை, பிறகே பூச்சு

தொழுகைக்கு ஒளு எப்படியோ, காருக்குச் செராமிக் பூச்சு இடுவதற்குக் கழுவுதலும் அப்படியே. சிலிக்கா அடங்கிய இத்திரவம் பெயிண்டின்மேல் கண்ணாடிபோல் இறுகும். அடியிலுள்ள கறையையும் கீறலையும் சேர்த்தே மூடிவிடும். பின்னர் அவற்றை நீக்க, பூச்சையே தேய்த்தெடுக்க நேரும்.

ஆகவே நன்கு கழுவி, சோப்பு நீர் தெளித்துக் கிளே பாரால் ஒட்டிய அழுக்கை அகற்றுங்கள். எண்ணெய்ப் பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலவையால் துடையுங்கள். கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள நிழலில், 2 அடிச் சதுரப் பரப்பாகத் தடவுங்கள். உறைந்து ஒட்டுமுன் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். அதன்பின் 24 மணி நேரம் நீர் படலாகாது.

கல் தெறிப்பதை இப்பூச்சு தடுக்காது. கழுவும் வேலையை ஒழிக்காது, எளிதாக்கும். இவ்வளவுக்கும் பொறுமையில்லாதோர், காரைக் கழுவி நிழலில் நிறுத்துவதே மேல். அவசரப் பூச்சு, மார்க்கம் வெறுக்கும் வீண் விரயமே!