கறள் பிடித்த பின் ஸ்பிறிங்: பலத்திலும் பொறுமையே மேல்

கரையோரக் கிராமமொன்றில் பழைய கார் என்பது ஒரு குடும்பத்தின் சொத்து மட்டுமல்ல. நள்ளிரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும், விடியற்காலையில் சந்தைக்கு மரக்கறி ஏற்றுவதும் அதுவே. அந்தக் கார் பின்பக்கம் ஒருபுறமாகச் சரிந்து நின்றால், சுருள் ஸ்பிறிங்கைக் குனிந்து பாருங்கள்.

கல் பட்டு வர்ணம் உரிந்த இடத்தில் உப்புக் காற்றும் ஈரமண்ணும் சேர்ந்து கறளை உண்டாக்குகின்றன. கறள் குழி நாளடைவில் வெடிப்பாகிறது. மண் தங்கும் கீழ்ச் சுற்றுத்தான் பெரும்பாலும் முறியும். முறிந்த முனை ரயரையும் வெட்டக்கூடும்.

ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களின் பின்பக்கம் இருப்பது தகட்டு ஸ்பிறிங். இங்கே சொல்லப்படும் முறை, 1979இல் அறிமுகமான கொரோலா கே.ஈ.70 செடான் போல, சுருள் ஸ்பிறிங்கும் சொக் அப்சோபரும் வெவ்வேறாகப் பூட்டப்பட்ட கார்களுக்கே பொருந்தும். இரண்டும் ஒன்றாகப் பூட்டியிருந்தால் வீட்டில் பிரிக்க வேண்டாம், கராஜில் கொடுங்கள்.

முதல் நாள்

சொக் அப்சோபரின் கீழ் நற்றுகளையும், அக்சிலைக் குறுக்காகப் பிடிக்கும் கம்பியின் நற்றையும் கம்பித் தூரிகையால் சுத்தஞ் செய்து, கறள் இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் விடுங்கள். நெருப்புக் காட்டக் கூடாது. பெற்றோல் தாங்கியும் பிறேக் குழாயும் அருகிலேயே உள்ளன.

காரை உயர்த்தல்

சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, முன்சில்லுகளுக்கு இருபுறமும் மரக்கட்டை கொடுங்கள். கைபிறேக் பின்சில்லுகளையே பிடிக்கிறது. அவை தரையை விட்டு எழுந்ததும் அதனால் பயனில்லை. பின்சில்லு நற்றுகளை முதலில் சற்று இளக்கியபின் காரை உயர்த்தி, உடற்பகுதியின் பலமான இடங்களில் இருபுறமும் இரும்புத் தாங்கி வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போவது உயிராபத்து. சீமெந்துக் கல்லும் வேண்டாம். அது முன்னறிவிப்பின்றி நொருங்கிவிடும். கழற்றிய சில்லுகளையும் காரின் ஓரத்தின் கீழ் கிடத்தி வையுங்கள்.

அக்சிலை இறக்கல்

இப்போது ஜக்கை அக்சிலின் நடுவே கொடுத்துச் சிறிது உயர்த்துங்கள். அக்சில் கீழே போகாமல் தடுத்து நிற்பது சொக் அப்சோபரே. ஜக் கொடுக்காமல் அதைக் கழற்றினால், ஸ்பிறிங்கின் விசையோடு அக்சில் கீழே பாயும். நற்று இளகாவிட்டால் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்பி, மீண்டும் எண்ணெய் விடுங்கள்.

சொக் அப்சோபர்களின் கீழ்முனைகளையும் குறுக்குக் கம்பியின் ஒரு முனையையும் கழற்றியபின், ஜக்கை மெதுவாக இறக்குங்கள். பிறேக் குழாய் இழுபடுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இழுபட்டால் உடனே நிறுத்துங்கள். முறிந்த ஸ்பிறிங்கானால், இறக்குமுன் அதன் சுற்றுகளூடாகச் சங்கிலி போட்டு அக்சிலோடு கட்டிவிடுங்கள். ஸ்பிறிங் தளர்ந்து கையால் அசையும்போதுதான் வெளியே எடுக்க வேண்டும். கறளால் ஒட்டியிருந்தால் மரத்தடியால் நெம்புங்கள். சுற்றுகளுக்கிடையில் விரல் விடாதீர்கள்.

மீண்டும் பூட்டல்

ஸ்பிறிங் இருக்கும் தட்டைச் சுரண்டிக் கறள் தடுக்கும் வர்ணம் பூசுங்கள். தட்டே உக்கியிருந்தால் ஒட்டு வேலை செய்யாமல் புதிய ஸ்பிறிங் போடுவது வீண். இரு பக்கமும் ஒன்றாகவே மாற்றுங்கள். பழையதும் புதியதும் ஒரே உயரத்தில் நிற்கமாட்டா. றபர் புஷ் உள்ள நற்றுகளை, கார் சில்லுகளில் நின்றபின் கடைசியாக இறுக்குங்கள். சிறிது தூரம் ஓடியபின் சில்லு நற்றுகளை மறுபடியும் பாருங்கள்.

பின்பு, கடற்கரைப் பக்கம் போய்வரும் போதெல்லாம் நல்ல தண்ணீரால் காரின் அடிப்பகுதியைக் கழுவுங்கள். அந்த ஒரு வாளித் தண்ணீர் இத்தனை வேலையையும் பல ஆண்டுகள் தள்ளிப்போடும்.