‘சுமாரா ஜூலை 1’: கப்பல் எப்போ வரும்?

ஆட்டோ புக் பண்ணா ஆப்ல ‘5 நிமிஷம்’னு காட்டும். 15 நிமிஷம் ஆனா கேன்சல் பண்ணிடுவோம். கப்பல் வாடகையிலயும் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கு. பேரு லேகேன். ரெண்டு தேதி, அவ்வளவுதான். முதல் தேதிக்கு முன்னாடியே கப்பல் வந்து நின்னா, சரக்கு ஏத்தணும்னு கட்டாயம் இல்ல. ரெண்டாவது தேதிக்குள்ள தயாரா வந்து நிக்கலைன்னா, வாடகைக்கு எடுத்தவர் ரத்து பண்ணலாம். லேட்டானது புயலாலன்னாலும் சரி.

ஆனா அதே ஒப்பந்தத்துல இன்னொரு வரியும் வரும்: ‘இந்தத் தேதிவாக்கில் தயாராகும் என எதிர்பார்க்கப்படுகிறது.’ எதிர்பார்ப்புதானே, வாக்குறுதியா என்ன?

1965-ல ‘மிஹாலிஸ் ஏஞ்சலோஸ்’னு ஒரு கப்பல். வியட்நாமின் ஹைபாங் துறைமுகத்துல அபடைட் தாது ஏத்தணும். மே 25-ல போட்ட ஒப்பந்தத்துல ‘சுமார் ஜூலை 1’னு எழுதினாங்க. ரத்துத் தேதி ஜூலை 20. தாது துறைமுகத்துக்கு வந்து சேரல. அமெரிக்கக் குண்டுவீச்சுல ரயில் பாதை போயிடுச்சுன்னு காரணம் சொல்லி, வாடகைக்காரங்க ஜூலை 17-லயே ரத்து பண்ணிட்டாங்க. கப்பலோ அப்போ ஹாங்காங்ல பழைய சரக்கை இறக்கிட்டு இருந்தது!

1970-ல லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்த ரயில் காரணம் நிக்கல. ஆனாலும் ஜெயிச்சது வாடகைக்காரங்கதான். ஏன்னா, கையெழுத்து போட்ட அன்னைக்கே ஜூலை 1-க்குள்ள போக முடியும்னு நம்ப கப்பல்காரருக்கு நியாயமான ஆதாரமே இல்ல. ‘எதிர்பார்க்கிறோம்’னு எழுதினா, நேர்மையா, ஆதாரத்தோட எதிர்பார்க்கணும். அது ஒப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனை. மீறினா எதிர்த் தரப்பு விலகிடலாம்.

எனக்கு உறுத்துறது வேற ஒண்ணு. கெடு தாண்டிடும்னு தெரிஞ்சாலும், கப்பல்காரர் சும்மா நிக்க முடியாது. சரக்கில்லாம, எரிபொருள் செலவழிச்சு, அந்தத் துறைமுகத்துக்குப் போயே ஆகணும். போனதும் ‘ரத்து’ன்னு சொன்னா, வந்த செலவு அவர் தலையில. அதுக்குள்ள வாடகைக்காரர் வாயைத் திறக்க வேண்டியதும் இல்ல. சந்தையில வாடகை இறங்குதான்னு பார்த்துட்டு உக்காந்திருக்கலாம். கொஞ்சம் அநியாயம்தான்.

அதனாலதான் ஜென்கான்னு பரவலா புழங்குற மாதிரி ஒப்பந்தத்தின் 1994 பதிப்புல ஒரு வழி வெச்சாங்க. ‘இவ்வளவு முயன்றும் தாமதம், இந்தத் தேதியில தயாராவோம், வேணுமா வேண்டாமா?’ன்னு கப்பல்காரர் கேக்கலாம். 48 மணி நேரத்துக்குள்ள ‘ரத்து’ன்னு பதில் வரலைன்னா, சொன்ன புதுத் தேதியிலிருந்து ஏழாவது நாள் புது ரத்துத் தேதியாயிடும்.