உங்களுக்குத் தெரியுமா? பாஞ்சோவின் மூன்று விரல்கள்

அமெரிக்காவின் புளூகிராஸ் இசைக்குத் தந்தை பில் மன்றோ என்பார்கள். பெயரே அவர் 1939-இல் தொடங்கிய ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவிலிருந்து வந்ததுதான். ஆனால் இன்று நாம் புளூகிராஸ் என்று இனங்காணும் ஓசைக்கு, பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவியை வாசித்த ஏர்ல் ஸ்க்ரக்ஸையும் சமபங்காளியாகச் சேர்க்க வேண்டும். மன்றோவின் 1945 தொடக்கப் பதிவுகளில் பாஞ்சோ உண்டு, கூடவே அக்கார்டியனும் (ஆம், அக்கார்டியன்!) ஒலிக்கிறது. புளூகிராஸின் அந்தப் பாய்ச்சல்தான் இல்லை. அவ்வாண்டு டிசம்பரில், வட கரோலினாவில் நூற்பாலை வேலை பார்த்திருந்த 21 வயது ஸ்க்ரக்ஸ் குழுவில் சேர்ந்தார். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றிலும் மீட்டுநகம் மாட்டி, அவற்றை மாறி மாறி ஓடவிட்டு, எட்டு ஒலிகளை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரித்து உருட்டுவார்.

மூன்று விரல் வாசிப்பு அவர் கண்டுபிடிப்பல்லவே என்று கேட்கலாம். உண்மைதான், ஸ்னஃபி ஜென்கின்ஸ் போன்றோர் அதே வட்டாரத்தில் முன்பே அப்படி வாசித்தவர்கள். ஆனால் அந்த வேகத்திலும் மெட்டு தெளிவாகக் கேட்கும்படி செய்து, பக்கவாத்தியத்தை முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர் ஸ்க்ரக்ஸ். 1948-இல் அவர் விலகியதும் மன்றோ பழைய பாணிக்குத் திரும்பவில்லை. மூன்று விரலில் வாசிக்கும் டான் ரெனோவைச் சேர்த்துக்கொண்டார்.