நடிகர் இறந்த பிறகு வந்த 2 காமெடி படங்கள்: வில் ரோஜர்ஸ் போஸ்டர்கள் சொல்லும் கதை!

1935 ஆகஸ்ட் 15. அலாஸ்காவின் பாயின்ட் பாரோ அருகே ஒரு சிறிய விமானம் விழுந்து நொறுங்கியது. விமானி வைலி போஸ்ட்டும், உடன் சென்ற நகைச்சுவை நடிகர் வில் ரோஜர்ஸும் உயிரிழந்தனர். அமெரிக்காவே அழுதுகொண்டிருந்தபோது, ஃபாக்ஸ் ஸ்டுடியோவின் கையில் அவர் நடித்து முடித்த 2 படங்கள் இருந்தன. இரண்டுமே சிரிக்க வைக்கிற படங்கள். இதை எப்படி ரிலீஸ் பண்றது?

யார் இந்த ரோஜர்ஸ்?

1879-ல், இன்றைய ஓக்லஹோமாவில் இருந்த செரோக்கி பழங்குடியினரின் மண்ணில் பிறந்தவர். கயிறு சுழற்றும் கவ்பாய் வித்தைக்காரராக மேடையேறி, நடுநடுவே அரசியலைக் கிண்டலடித்தே பிரபலமானார். தினமும் பத்திரிகையில் எழுதினார். ரேடியோவிலும் பேசினார். பேச்சை நிறுத்த அலாரம் கடிகாரம் வைத்துக்கொண்டு பேசுவாராம்! 1934-ல் தியேட்டர்காரர்கள் வாக்களித்த வசூல் நட்சத்திரப் பட்டியலில் அவர்தான் நம்பர் 1.

போஸ்டரில் என்ன ஸ்பெஷல்?

அன்றைய விளம்பரத்துக்கு இரண்டு முக்கிய ஆயுதங்கள். தியேட்டர் வாசலுக்கு 27-க்கு 41 அங்குல போஸ்டர். உள்ளே வரவேற்பு அறைக்கு 11-க்கு 14 அங்குல லாபி கார்டுகள், பெரும்பாலும் 8 கொண்ட செட்.

மற்ற ஹீரோக்களை அழகும் காதலும் விற்றன. ரோஜர்ஸுக்கு வயது 50-ஐத் தாண்டியிருந்தது. கலைந்த முடி, முகச் சுருக்கம், எதிர்வீட்டுப் பெரியப்பா மாதிரி ஒரு சிரிப்பு. 1933-ல் நான்கில் ஒரு அமெரிக்கத் தொழிலாளிக்கு வேலையில்லை. அந்த நேரத்தில் ரேடியோவில் ஆறுதலாகக் கேட்ட குரலுக்குச் சொந்தமான முகம் இதுதான். அது போதுமே!

அந்த 2 படங்கள்?

'ஸ்டீம்போட் ரவுண்ட் தி பெண்ட்' செப்டம்பரிலும், 'இன் ஓல்ட் கென்டக்கி' நவம்பரிலும் வெளியாகின. அந்த ஆண்டுப் பட்டியலில் ஷெர்லி டெம்பிளுக்கு அடுத்து, 2-வது இடம் மறைந்த ரோஜர்ஸுக்கு!

போஸ்டரில் இல்லாதது

'ஸ்டேட் ஃபேர்' படத்தில் விவசாயி, 'டாக்டர் புல்' படத்தில் டாக்டர், 'ஜட்ஜ் ப்ரீஸ்ட்' படத்தில் நீதிபதி. எல்லாமே சிற்றூர் வெள்ளைக்கார மனிதர்கள். தன்னை செரோக்கி என்று பெருமையோடு சொல்லிக்கொண்டவர் அவர். 'நம்ம ஊர் ஆளு' என்று விற்கப்பட்ட அந்தப் பாத்திரங்களில் அந்த அடையாளத்துக்கு மட்டும் இடமில்லை.

பழைய போஸ்டர்கள் ரசிகர்களுக்காக அச்சானவை அல்ல. படம் ஓடி முடிந்ததும் வேலை முடிந்தது. அதனால்தான் தப்பிப் பிழைத்தவை இன்று சேகரிப்பாளர்களின் பொக்கிஷம். எங்காவது ஒன்றைப் பார்த்தால், அதில் யார் இருக்கிறார் என்பதோடு, எது விடுபட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்க.