கேம் ஃப்ரீ... பிளேன்தான் காசு!

'ஃப்ரீ'னு பார்த்தாலே நம்ம கை தானா டவுன்லோட் பட்டனுக்குப் போயிடும். ஆனா, போர் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் கேம்களில் இந்த ஃப்ரீக்குப் பின்னாடி பெரிய கணக்கே இருக்கு பாஸ்!

1998-ல் ஃபால்கன் 4.0 வந்தப்போ எல்லாம் சிம்பிள். ஒரு டப்பா வாங்கினா சிடி, தலையணை சைஸ் மேனுவல், கொரியாவில் நடக்கும் முழுப் போர் எல்லாமே உள்ளே இருக்கும். ஆனா அடுத்த வருஷமே அதை உருவாக்கின ஆபீஸை மூடிட்டாங்க. வாங்குறவங்க கொஞ்சம் பேர், வேலையோ வருஷக்கணக்கில். டப்பா வியாபாரம் எத்தனை நாள் தாங்கும்?

அதனால இப்போ ரூட் மாறிப்போச்சு. 'டிசிஎஸ் வேர்ல்டு' கேம் இலவசம். கூடவே எஸ்யு-25டி, டிஎஃப்-51டி என ரெண்டு விமானமும் இலவசம். 'ஹார்னெட் வேணுமே'ன்னு ஆசைப்பட்டா அங்கேதான் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். 2018-ல் அது வந்தப்போ விலை சுமார் 80 டாலர். அப்போ ஒரு பெரிய புது கேமே 60 டாலர்தான்! பறக்கப் பாரசீக வளைகுடா மேப்பா? தனிக் காசு. இறங்க அசத்தலான விமானம் தாங்கிக் கப்பலா? அதுக்கும் தனிக் காசு.

'வார் தண்டர்' வேற ரகம். காசே கொடுக்காம ஆடலாம். ஆனா நல்ல விமானம் கைக்கு வர மாசக்கணக்கில் மல்லுக்கட்டணும். பொறுமை இல்லாதவங்க பர்ஸைத் திறக்கணும். 2023 மே மாசம் ஆட்டக்காரங்க கடுப்பாகி ஸ்டீமில் திட்டித் தீர்க்க, கம்பெனி இறங்கி வந்து விதிகளை மாத்துச்சு.

இதைவிடப் பெரிய சிக்கல், பாதி வேலை முடிஞ்ச நிலையிலேயே விக்கிறது. 'மீதியை அப்புறம் தர்றோம்' என்ற வாக்குறுதிக்குத்தான் நாம காசு கொடுக்கிறோம். டிசிஎஸ்ஸுக்காக ராஸ்பாம் என்ற வெளிக் கம்பெனி செஞ்ச எஃப்-15இ, 2023-ல் இப்படித்தான் வந்துச்சு. 2024-ல் 'எங்களுக்குச் சேர வேண்டிய பணம் வரலை'ன்னு ராஸ்பாம் வேலையை நிறுத்த, 'நீங்கதான் ஒப்பந்தத்தை மீறினீங்க'ன்னு டிசிஎஸ் தரப்பு சொல்ல... காசு கொடுத்தவங்க நடுவானில்!

அதுக்காக மொத்தமா ஏமாத்து வேலைன்னு ஒதுக்கிடாதீங்க. ஒவ்வொரு ஸ்விட்ச்சும் நிஜம் மாதிரியே வேலை செய்யற காக்பிட்டை உருவாக்க வருஷங்கள் ஆகும். அந்த உழைப்புக்குக் காசு கேட்கறது நியாயம்தான். ஆனா, அவசரப்படாம இருக்கறது நம்ம சாமர்த்தியம்.

டேக்-ஆஃபுக்கு முன்னாடி...

* முதல்ல இலவச விமானத்தில் ஒழுங்கா இறங்கப் பழகுங்க.

* டிசிஎஸ் தன் சொந்தத் தளத்தில் 14 நாள் இலவச டிரையல் தருது. ஓட்டிப் பார்த்துட்டு வாங்கலாம்.

* தள்ளுபடி அடிக்கடி வரும். காத்திருங்க.

* 'இன்னும் வரப்போகுது' பட்டியலுக்காக வாங்காதீங்க. இன்னிக்கு என்ன இருக்கோ, அதுக்கு மட்டும் காசு கொடுங்க.

வானத்துக்கு எல்லை இல்லை. பாக்கெட் மணிக்கு இருக்கே, பாஸ்!