சிறுநீருக்கு மாற்று வழி

சிறுநீர்ப்பையில் புற்று முற்றினால் சிலருக்கு அப்பையையே அகற்ற நேரிடுகிறது. பிறகு சிறுநீர் எவ்வழியே போகும்? நம் சங்கத்து அன்பர் ஒருவர் இக்கேள்விக்கு அஞ்சியே சிகிச்சையைத் தள்ளிப்போட்டு வருகிறார். அவர் பொருட்டு நாம் விசாரித்தறிந்ததை எழுதுகிறோம்.

1950-ல் அமெரிக்க டாக்டர் பிரிக்கர், சிறுகுடலில் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தைப் பிரித்தெடுத்து, சிறுநீரகங்களிலிருந்து வரும் இரு குழாய்களையும் அதில் இணைத்து, அதன் மறுமுனையை வயிற்றின்மீது திறந்துவிடும் முறையை விவரித்தார். வெளியே ஒரு பை ஒட்டிக்கொள்ள வேண்டும். இன்றும் பெரிதும் கையாளப்படுவது இதுவே.

உள்ளேயே சேமிப்பதென்றால் தொல்லை வேறு. சிறுநீர் மேல்நோக்கித் திரும்பினால் கிருமியும் உடன் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்வீடன் தேசத்து டாக்டர் நில்ஸ் கோக் 1982-ல் வெளியிட்ட முறையில், குடலாலேயே பை தைத்து, நீர் வரும் வழியிலும் போகும் வழியிலும் குடலைத் தனக்குள்ளேயே செருகினார். சட்டைக் கையை உட்புறம் இழுத்துவிட்டாற்போல. பை நிறைய நிறைய அச்செருகல் நெருக்குண்டு வழியை அடைக்கும். நோயாளியே தினம் சில முறை மெல்லிய குழாய் செலுத்தி வடித்துக்கொள்வார். கெட்டிக்கார வேலைதான்! ஆயினும் செருகல் சிலருக்கு நழுவிவிடும். மறுபடி கத்தி வைக்க வேண்டும். அதனாலேயே இம்முறை அருகிவிட்டது.

இவ்வளவையும் கேட்ட அன்பர், "பையை ஒட்டிக்கொண்டு ரயிலில் ஊருக்குப் போய் வரலாமா?" என்று மட்டுமே வினவினார். தாராளமாகப் போகலாம்.