கைவிளக்கும் மின்கலமும்



நீலகிரியில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தூரத்தில் நிற்பதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. இருட்டியபின் தேயிலைத் தோட்டத்து வழியே வீடு திரும்புவோருக்கு, எதிரே காட்டெருமை நிற்கிறதா என்று காட்டுவது டார்ச் விளக்கே. அவ்விளக்கிற்கு உயிரான மின்கலத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

சாதாரண உலர்மின்கலம் தீர்ந்தால் தீர்ந்ததே. அதற்கு மின்னேற்ற முயன்றால் உள்ளே வாயு சேர்ந்து, கலம் கசியும், வெடிக்கவும் கூடும். வேறு சில கலங்களிலோ, உள்ளே நிகழ்ந்த இரசாயன மாற்றத்தை மின்சாரத்தைக் கொண்டே பின்னோக்கித் திருப்பலாம். 1859இல் பிரெஞ்சு அறிஞர் பிளாண்டே ஈயத் தகடுகளால் இதனைச் செய்து காட்டினார். 1991இல் லித்தியம் அயனிக் கலம் விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்க உழைத்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

உருவம் ஒன்றாயின் குணமும் ஒன்றென எண்ணலாகாது. விரற்பருமனுள்ள உலர்மின்கலத்தின் மின்னழுத்தம் 1.5 வோல்ட்; அதே அளவுள்ள நிக்கல் கலத்திற்கு 1.2 வோல்ட், லித்தியம் அயனிக் கலத்திற்கோ ஏறத்தாழ 3.7 வோல்ட். இரண்டு உலர்மின்கலங்களுக்கென அமைந்த விளக்கில் இரண்டு லித்தியம் கலங்களை இட்டால், 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 7.4 வோல்ட் ஏறும், விளக்கு கருகிவிடும். பழைய கலத்தையும் புதிய கலத்தையும் கலந்திடுவதும் தவறு.

மின்னேற்றும் கருவியும் கலத்தின் வகைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். லித்தியம் கலம் 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும். அதற்கு மேலும் ஏற்றினால் சூடேறித் தீப்பற்றக்கூடும். ஆகவே கம்பளி, மெத்தை இவற்றின்மேல் வைக்காமல், சிமெண்டுத் தரையில் வைத்து, விழித்திருக்கும்போதே மின்னேற்றுக. சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில் ஒருவரது அசட்டை அடுத்த வீட்டாரையும் பாதிக்குமன்றோ?

மலைவாசிகளுக்கு இன்னுமோர் எச்சரிக்கை. உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுகிறது. 0 பாகைக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் கலத்திற்கு மின்னேற்றினால், லித்தியம் உலோகமாகத் தகட்டின்மேல் படிந்து, பின்னர் உள்ளேயே மின்சாரம் குறுக்கே பாய வழி செய்யும். இரவெல்லாம் வெளியில் கிடந்த விளக்கை அறையின் வெப்பத்திற்கு வந்த பின்னரே மின்னேற்றுக. கணப்பருகே வைத்துச் சூடேற்றவும் வேண்டாம்.

உப்பிய கலத்தையும், மேலுறை கிழிந்த கலத்தையும் பயன்படுத்தாதீர். அவற்றைக் குப்பையிலோ நெருப்பிலோ எறியாமல், சேகரிப்போரிடம் ஒப்படைப்பீர். எதற்கும் முன்பாகக் கலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அந்த ஒரு வரியைப் படிக்க ஒரு நிமிடமும் ஆகாது.